கறி இல்லை, ஆராதனை உண்டு

திருப்பதியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், டிராவல் பேக் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அதுதான் என் ஆபீஸ். கேட்பவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். வீடு சித்தூரில், காலையில் பஸ், சாயங்காலம் பஸ். இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கே சண்டை போடுகிற ஆள் நான்.

என்னிடம் வருகிறவர்கள் யாரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரன் என்ன வைத்திருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். ஒரு லாட்ஜ் முதலாளி வந்தார். முகப்பில் கோபுரம் சுற்ற வேண்டும், மவுஸை வைத்தால் மணி அடிக்க வேண்டும், ஓரத்தில் அவருடைய தகப்பனார் மாலையோடு சிரிக்க வேண்டும்.

"சார், உங்க லாட்ஜுக்கு வர்றவங்க மொதல்ல இன்னா கேக்கறாங்க?" என்றேன்.

"அவங்க இன்னா கேட்டா நமக்கென்னம்மா? வெப்சைட் அண்டே ஷோகா உண்டாலி," என்றார். ஷோக்காக இருந்தால் போதுமாம்.

வந்த கோபத்தில் நேராக அவர் லாட்ஜுக்குப் போய் ரிசப்ஷனில் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டேன். மொட்டைத் தலையோடு வந்தவர், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், மலைப் பாதையில் வாந்தி எடுத்துவிட்டு வந்தவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "ஹாட் வாட்டர் உந்தா?" கோபுரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 'இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர்' என்று முகப்பில் பெரிதாகப் போட்டேன். போன் ஓயவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, வெந்நீர் விடிகாலையில் மட்டும்தான் வரும், இருபத்துநாலு மணி நேரம் என்று அவர் என்னிடம் சும்மா அடித்துவிட்டிருக்கிறார். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு புது பாய்லர் வாங்கினார்.

இந்தக் கதை எப்படியோ சித்தூருக்குப் பரவி, எங்கள் சர்ச் கமிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் செக்ரட்டரி அங்கிள் வீட்டுக்கே வந்துவிட்டார். பஸ் டிப்போவில் கண்ட்ரோலராக இருந்து ரிட்டயர் ஆனவர். சாதாரணமாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்வதுபோல இருக்கும்.

"மா, நம்ம சபைக்கு ஒரு வெப்சைட் வேணும். அவசரம்," என்றார்.

எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. காலை ஏழு மணிக்குத் தமிழ், ஒன்பதரைக்குத் தெலுங்கு. தெலுங்கு ஆராதனைக்குக் கூட்டம் வாசல்வரை நிற்கும். தமிழுக்கோ முன்வரிசை இரண்டு பெஞ்சில் சில கிழவர்கள், மேலே சில புறாக்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்த கமிட்டி கூடி, அக்டோபர் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனைக்குப் பாதி பெஞ்சாவது நிரம்பவில்லை என்றால் தமிழைத் தெலுங்கோடு சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதுதான் அவசரம்.

கமிட்டியில் போய் உட்கார்ந்தேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"இந்த சைட்டு யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"பாத்துட்டு அவங்க இன்னா செய்யணும்?"

"சர்ச்சுக்கு வரணும்."

"இப்ப ஏன் வரல?"

அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு காரணம் கிளம்பியது. செல்போன் என்றார் ஒருவர். சீரியல் என்றார் இன்னொருவர். காலை ஏழு மணிக்கு என்ன சீரியல் என்று நான் கேட்கவில்லை. மைக் செட் சரியில்லை, ஃபேன் சத்தம், பிரசங்கம் நீளம் என்று வரிசையாக வந்தது. பிரசங்கம் என்றதும் ஐயர், அதாவது எங்கள் போதகர், தன் டம்ளரில் இருந்த டீயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிசாசின் தந்திரம் என்று பொருளாளர் முடித்து வைத்தார். அதனால் வெப்சைட்டில் பறக்கும் புறா வேண்டும், கமிட்டி உறுப்பினர் அத்தனை பேர் படமும் வேண்டும், கோட்டு போட்டு எடுத்த படம் என்றால் உத்தமம் என்று தீர்மானம் ஆயிற்று.

செய்து கொடுத்தேன். புறா பறந்தது. கோட்டுக்காரர்கள் வரிசையாக முறைத்தார்கள். சூளூர்பேட்டையில் இருக்கும் சொந்தக்காரர்கள், பெங்களூரில் இருக்கிறவர்கள், துபாயில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு 'ஆமென்' போட்டார்கள். சித்தூரில் இருக்கிறவர்கள் ஒருவரும் ஏழு மணிக்கு வரவில்லை. செக்ரட்டரி அங்கிள் வாரா வாரம் போன் செய்து, "புறா இன்னும் கொஞ்சம் வேகமா பறந்தா நல்லாயிருக்குமோ?" என்று கேட்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

இப்படி இருக்கையில் அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை. போர்வையை உருவி என்னை எழுப்பினாள்.

"எழுந்திரு டீ. கறி வாங்கியாரணும்."

"இப்பவா? இன்னும் சரியா விடியலயேம்மா."

"விடிஞ்சப்புறம் போனா வெறும் கொழுப்புதான் கெடைக்கும். வாரத்துல ஒரு நாளு துன்னற கறி, அதுவும் நல்லதா இல்லன்னா எப்டி? பாய்கிட்ட நெஞ்செலும்பு கேளு. ஈரல் தனியா கட்டச் சொல்லு."

திட்டிக்கொண்டே போனேன். கறிக்கடையின் முன்னால் வரிசை தெருமுனைவரை நின்றது. கடைசியில் போய் நின்றுகொண்டு முன்னால் இருக்கிறவர்களைப் பார்த்தால், எங்கள் தமிழ்ச் சபை மொத்தமும் அங்கே நிற்கிறது! பாடகர் குழு பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், சர்ச்சில் நிற்கிற அதே வரிசை. ஒரு அத்தை ஒரு கையில் பைபிளும் இன்னொரு கையில் கறிப்பையுமாக நின்றாள். செக்ரட்டரி அங்கிளின் மருமகள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள். பிசாசின் தந்திரம் என்று சொன்ன பொருளாளர் கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தார். அவர் உடம்புக்குக் கம்பம் போதவில்லை.

"இன்னா அங்கிள், சர்ச்சுக்குப் போவலயா?" என்று பொருளாளரைக் கேட்டேன்.

"போய்க்கினே இருந்தேம்மா. வழியில சும்மா…" என்றார். கையில் எவர்சில்வர் தூக்கு வைத்துக்கொண்டு யாராவது சர்ச்சுக்குப் போவார்களா?

வரிசை நகர நகர எனக்கு விஷயம் விளங்கியது. பாய் விடிகாலையில் ஆடு வெட்டுவார். எட்டு மணிக்குள் நல்ல கறி தீர்ந்துவிடும். தெலுங்குக்காரர்கள் கறி வாங்கி, வீட்டில் கொடுத்து, குளித்து, நிதானமாக ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தமிழ்க்காரர்களுக்கு ஏழு மணிக்கு ஒன்று கர்த்தர், இல்லையென்றால் கறி. கர்த்தர் மன்னிப்பார், வீட்டில் இருக்கிறவர்கள் மன்னிக்கமாட்டார்கள். இதைக் கமிட்டியில் வாய்விட்டுச் சொல்ல யாருக்கு தைரியம் வரும்? அதனால்தான் ஃபேன், மைக், பிசாசு எல்லாம்.

எலும்பைக்கூட சரியாகப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு செக்ரட்டரி அங்கிள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஊரிலேயே ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையைக் கண்ணால் பார்க்காத ஒரே தமிழர் அவர்தான். மற்ற நாளில் பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார்.

சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவிங்களா, ஆட்டுக்கறிக்கா!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரிப்பில்தான் என்று நினைத்தேன்.

"ஆராதனைய ஏழரைக்கோ எட்டுக்கோ தள்ளி வெக்கலாமே அங்கிள்?" என்றேன்.

"தள்ளினா தெலுங்கோட இடிக்கும். அதுவும் இல்லாம, மொத மணி தமிழுக்குத்தான் அடிக்கணும். அத வுட்டுக் குடுக்க முடியாது," என்றார். நான் சிலுவையைக் கழற்றச் சொன்னதுபோல ஒரு பார்வை.

"நமக்கெல்லாம் தெலுங்கு தெரியுமே. சேந்தா இன்னா குறைஞ்சிடும்? நீங்க ஏன் இவ்ளோ அலையறீங்க?" என்று கேட்டேன். உண்மையில் இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் நாளே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அறிவிப்புக் குரல் இல்லாமல், சாதாரணக் குரலில் சொன்னார்: "கொஞ்ச நாள் முன்னாடி ஒரு சாவுல பாத்தேம்மா. தமிழ்ப் பாட்டு எடுத்தாங்க. மூணு நாலு பேர்தான் பாடினாங்க. மத்தவங்க வாய மட்டும் அசைச்சிக்கினு இருந்தாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் இருக்காது. நான் செத்தா எனக்குத் தமிழ்ல பாட ஆள் வேணும்."

கழற்றிய சட்டையை மடித்துக்கொண்டே தொடர்ந்தார்:

"தெலுங்குல பாடினா எனக்குப் புரியும். புரியாம இல்ல. சர்வீஸ் பூரா டிப்போல தெலுங்குலதான் கத்தினேன். அதாம்மா பயம். தெலுங்கு காதுல வுழுந்தாலே எனக்கு டூட்டி ஞாபகம் வந்துடும். பொட்டிக்குள்ள எழுந்து உக்காந்து, பஸ்ஸு ஏண்டா லேட்டுன்னு கேட்டாலும் கேட்டுடுவேன்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புறாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே பாயிடம் போனோம். சபையார் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வெப்சைட்டில் யார் யாருக்கு எவ்வளவு கறி, எந்தக் கறி என்று பதிந்துவிடுவார்கள். பாய் பேர் எழுதித் தனித்தனியாகக் கட்டி வைக்க வேண்டும். ஆராதனை முடிகிற நேரத்துக்கு ஆட்டோவில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இதுதான் திட்டம்.

"கறிய தொட்டுப் பாக்காம எவம்மா வாங்குவான்?" என்றார் பாய்.

"நீ குடுத்தா வாங்குவாங்க. இத்தன நாளா எங்க ஜனத்த பூரா நீதான புடிச்சி வெச்சிருந்த?" என்றார் செக்ரட்டரி அங்கிள்.

"நான் இன்னான்னு கண்டேன்? ஏழு மணிக்கு உங்களுக்கு மீட்டிங்னு ஒருத்தராவது சொன்னாங்களா? வரிசையில நின்னுகினு ஈரல் இருக்கா, ஈரல் இருக்கான்னு என் உயிர வாங்கினாங்க." ஆனால் ஒத்துக்கொண்டார். வரிசையில் நடக்கும் சண்டை குறையுமே என்றார்.

கமிட்டிதான் குதித்தது. "சபை வெப்சைட்டுல ஆட்டுக்கறியா? நாளைக்குக் கறிய எங்க வெப்பீங்க, பீடத்து மேலயா?" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். நான் பொருளாளரைப் பார்த்தேன். கம்பத்தைப் பற்றி நான் வாயைத் திறக்குமுன் அவர் அவசரமாக, "காலத்துக்கு ஏத்த மாரி போவணும்," என்று சொல்லிவிட்டார். இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஆட்டோ கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வெப்சைட்டில் 'கறி' என்ற வார்த்தை முகப்பில் வரக் கூடாது. அதனால் 'குடும்ப நலம்' என்று ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் தொடை, நெஞ்சு, ஈரல், குடல் என்று விரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெஞ்சுகள் நிரம்ப ஆரம்பித்தன. புறாக்கள் மேலே ஒண்டிக்கொண்டன. ஒரே ஒரு குறை. பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எல்லோர் தலையும் கேட் பக்கம் திரும்பும். கடைசிப் பாட்டைப் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் போலப் பாடி முடிப்பார்கள். ஐயர் ஆசீர்வாதம் சொல்லி 'ஆமென்' என்பதற்குள் பாதிப் பேர் ஆட்டோவைச் சுற்றி நிற்பார்கள். செக்ரட்டரி அங்கிளுக்கு அதுவும் சந்தோஷம்தான். "வேகமா பாடினாலும் தமிழ்ல பாடறாங்க இல்ல?" என்பார்.

அக்டோபர் நெருங்கியபோதுதான் பாய் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அந்த ஞாயித்துக்கெழம கட லீவும்மா. காந்தி ஜெயந்தி."

ஆள் எண்ணப்போகிற அதே ஞாயிறு! கமிட்டியில் இருந்த ஒருவருக்கும் இது தோன்றவில்லை. காலண்டரில் நற்கருணையைத்தான் பார்த்தார்களே தவிர காந்தியைப் பார்க்கவில்லை. செக்ரட்டரி அங்கிள் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து தொப்பென்று விழுந்தார்.

"போச்சும்மா. கறிக்குத்தான் எழுந்து வந்துகினு இருந்தாங்க. அன்னிக்குதான் கறி இல்லயே. இழுத்துப் போத்திக்கினு தூங்கிடுவாங்க. கோழி குடுக்கலாமா?"

"கோழிக்கடையும் லீவு."

"காளான்?"

சுளுக்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்: "ஐய, காளானுக்கு எவ விடிகாலைல எழுந்து தலவாரிக்கினு வருவா?"

கடைசியில் அங்கிள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "மா, கறி இல்லன்னு நீ எதுவும் போடாத. எப்பவும் போல பட்டன் இருக்கட்டும். வந்தப்புறம் தெரிஞ்சிக்கட்டுமே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அங்கிள், வெந்நீர் இல்லாத லாட்ஜ்காரர் மாரியே பேசறீங்களே! பொய் சொல்லிக் கூட்டியாந்து உக்கார வெச்சா, அந்த வயித்தெரிச்சல்ல உங்களுக்கு எவன் பாடுவான்?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் பொய் போடமாட்டேன் என்பதில் நான் அசையவில்லை. 'குடும்ப நலம்' பட்டனை எடுத்தேன். புறாவை எடுத்தேன். கோட்டுப் படங்களையும் எடுத்தேன். வெறும் வெள்ளைப் பக்கத்தில் பெரிதாக ஒரே ஒரு வரி போட்டேன்: 'இந்த ஞாயிறு கறி இல்லை. ஆராதனை உண்டு.'

"சாவு நோட்டீஸ் மாரி இருக்கே," என்றார் அங்கிள் போனில். உடனே வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். முதல் மணி அடித்தபோது செக்ரட்டரி அங்கிள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே முன் இரண்டு பெஞ்சு மட்டும். தெலுங்குப் பக்கத்திலிருந்து எண்ண வந்தவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது.

பிறகு பாடகர் குழு அத்தைகள் வந்தார்கள். பொருளாளர் குடும்பத்தோடு வந்தார். பைபிள் அத்தை வந்தாள், இந்தத் தடவை இரண்டு கையாலும் பைபிளைப் பிடித்துக்கொண்டு. செக்ரட்டரி அங்கிளின் மருமகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்துகொண்டே இருந்தார்கள். பாதி பெஞ்சு நிரம்பி, முக்கால் நிரம்பி, கடைசி பெஞ்சில் நகர்ந்து உட்காரச் சொல்லிச் சண்டையும் நடந்தது.

"கறி இல்லன்னு தெரிஞ்சும் எல்லாரும் வந்துட்டாங்களேம்மா," என்று அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன்.

"ஏண்டி, ஒரு வாரம் கறி துன்னலன்னா செத்தா பூடுவோம்? நான் காய்கறிக்காரன்கிட்ட தெலுங்குல பேரம் பேசுவேன். கர்த்தர்கிட்ட கேக்கறதுன்னா தமிழ்தான் எனக்கு வருது. வாய மூடு, பாட்டு எடுக்கறாங்க."

அன்று பாடினார்கள் பாருங்கள்! வெளியே ஆட்டோ இல்லை. வீட்டில் அரைத்து வைத்த மசாலா இல்லை. ஒருவருக்கும் அவசரம் இல்லை. எல்லா சரணமும் பாடினார்கள். முடிந்த பாட்டின் பல்லவியை யாரோ மறுபடி எடுக்க, மறுபடியும் பாடினார்கள். செக்ரட்டரி அங்கிள் வாசலிலேயே நின்றுகொண்டு குழந்தை மாதிரி தேம்பினார். எண்ண வந்தவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா? இப்டிப் பாடணும்மா எனக்கு. ஆனா ஒண்ணு. நான் போறது கறிக்கட இருக்கற ஞாயித்துக்கெழமையா இருந்தா, இந்த ஜனம் ஒரு சரணத்தோட முடிச்சிட்டு ஓடிடும். அன்னிக்கு ஒரு நாளு கடைய மூடச் சொல்லி பாய்கிட்ட நீயே சொல்லி வெச்சிடு. எனக்குக் கேக்க ஒரு மாரியா இருக்கு."

சரி என்றேன். இத்தனை வருஷத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன வாடிக்கையாளர் எனக்குக் கிடைத்ததில்லை. மறுவாரமே கடைக்குப் போய், இன்ன மாதிரி, உங்களிடம் சொல்லி வைக்கச் சொன்னார் என்று பாயிடம் ஒப்பித்தேன்.

பாய் வெட்டுவதை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா பேச்சு இது? அவுரு போற அன்னிக்கு நான் கடையத் தொறப்பனா? இத வேற வந்து சொல்லணுமா எனக்கு?"

அதற்குமேல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபத்தில் என் பையில் முழுக்க முழுக்கச் சவ்வாகவே போட்டுக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்த அம்மா, ஒரு கறி வாங்கக்கூடத் துப்பில்லை என்று என்னைத்தான் திட்டினாள்.